மைனஸ் சார் பழிவாங்கிய செவ்வாய்க்கிழமை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் மைனஸ் சார்தான். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, பிழைக்கு ஒன்றாகக் கழித்தல் குறி போடுவது அவர் உத்தியோகம். பன்னிரண்டு குறி சேர்ந்தால் ஃபெயில். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு அங்கே வைத்திருக்கும் கூம்பைத் தட்டிவிட்டால் அந்த ஒன்றே போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

பதினெட்டு வருடமாக அவர் யாரிடமும் ஒரு காப்பி கூட வாங்கிக் குடித்ததில்லை. இதனால் ஜனங்களுக்கு அவர் மேல் மரியாதை வந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. வாங்குகிறவரிடம் கொடுத்துத் தப்பிக்கலாம். வாங்காதவரிடம் வண்டி ஓட்டித்தான் தப்பிக்க வேண்டும், அது எத்தனை பேரால் முடியும். இரண்டாம் தடத்தில் பரீட்சை வைக்கும் இன்னொரு தேர்வாளருக்குப் பாவம் சார் என்று பெயர். யார் எதைத் தட்டினாலும் "பாவம்" என்று பாஸ் போட்டுவிடுவார். அவர் பிறந்த நாளுக்கு மேசை நிறையப் பூங்கொத்து வரும். மைனஸ் சாருக்கு ஒருமுறை டயரில் ஆணி வந்தது.

வேலையில் மூடி வைத்த வாய், வீட்டுக்கு வந்ததும் வட்டியும் முதலுமாகத் திறக்கும். ஃப்ரிட்ஜ் கதவை மனைவி இடுப்பால் சாத்துவது ஒரு மைனஸ். துண்டை ஈரத்தோடு மடிப்பது இன்னொன்று. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவர். கணவரின் பேச்சு அவருக்கு ஒரு பொருட்டில்லை. "சரி, போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவையும் இடுப்பாலேயே சாத்துவார். பதினாறு வயது மகளுக்கு அந்த வித்தை வரவில்லை. அவள் மைனஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் ஒரு பேச்சுப் போட்டி. இரண்டாவது நிமிடம் வரை நன்றாகப் பேசியவள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு இறங்கி வந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மைனஸ் சார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சு விட்டது எங்கே பிசகியது, கை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று வரிசையாக ஏழு பிழை சொன்னார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். மகள் பின் இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. பள்ளிக்கும் முதலில் தலைவலி, பிறகு வயிற்றுவலி, பிறகு காரணமே இல்லை. ஒரு நாள் சீருடையோடு பள்ளி கேட் வரை போனவள் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அவள் அறைக் கதவு சாப்பாட்டுக்கு மட்டும்தான் திறந்தது.

மனைவி விசாரித்து ஓர் ஆலோசகரைக் கண்டுபிடித்தார். வளரும் பிள்ளைகளை மட்டும் பார்க்கிறவர். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அறை. கதவுக்கு வெளியே இரண்டு நாற்காலி, தரையில் ஒரு குட்டி மிஷின். அது மழை பெய்கிற மாதிரி சோ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வந்த மைனஸ் சாருக்கு அந்த மிஷினைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

ஆலோசகருக்கு நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. சத்தம் போடாத செருப்பு. எதைச் சொன்னாலும் "ம்ம்" என்பார். மைனஸ் சார் அவருக்கு ம்ம்-மேடம் என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார். பட்டப்பெயரைச் சுமக்கிறவர்களுக்குப் பிறர் தலையில் ஒன்றை ஏற்றுவதில் தனிச் சுகம்.

"உங்க பொண்ணு இங்க பேசறது அவங்களோடது," என்றார் ஆலோசகர், மூவரையும் உட்கார வைத்து. "உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா உடனே உங்களைக் கூப்பிடுவேன். மத்தது எதுவும் அவங்க சம்மதம் இல்லாம உங்ககிட்ட வராது."

"அப்ப ரிப்போர்ட்?"

"ரிப்போர்ட் கிடையாது சார்."

"முன்னேற்றம் எப்படித் தெரியும்?"

"வீட்ல தெரியும்."

"அப்புறம் நாங்க எதுக்கு மேடம்?"

"நீங்கதான் முக்கியம். வாரத்துல ஒரு மணி நேரம்தான் இவங்க என்கிட்ட. மீதி நூத்தி அறுபத்தேழு மணி நேரம் உங்ககிட்ட. அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் தனியா வரணும்."

வீட்டுப்பாடம் வேறு கொடுத்தார். தினமும் பத்து நிமிடம் அப்பா மகளோடு இருக்க வேண்டும். எங்கே என்பது மகள் இஷ்டம். அவள் பேசாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பேசினால், அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, நீ சொல்வது இதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். அறிவுரை கூடாது, கேள்வி கூடாது. "மார்க் போடக் கூடாது," என்று அவரைப் பார்த்துச் சொன்னார். மகள் தரைவிரிப்பைப் பார்த்தாள். இதை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்கவும் அவருக்கு வழியில்லை.

கிளம்பும்போது இன்னொரு விதியும் வந்தது. "வெளில எங்கயாவது பார்த்தா நானா வந்து பேச மாட்டேன், தெரியாதவங்க மாதிரி போயிடுவேன். நீங்களா சிரிச்சா நானும் சிரிப்பேன். இங்க வர்றதை ஊருக்குச் சொல்லணுமா வேணாமான்னு முடிவு பண்றது நீங்கதான்."

மாடிப்படியில் மைனஸ் சார் பொருமித் தீர்த்தார். "காரு ஓடலைன்னா கொண்டுபோய் விட்டுட்டு வருவோம். மெக்கானிக் நம்மளைப் பிடிச்சு வச்சு, உன் பானெட்டைத் திற பாக்கலாம்னு சொல்வானா?"

"நீங்க பக்கத்துல உக்காந்துதானங்க காரு ஓடாம போச்சு," என்றார் மனைவி, படியைப் பார்த்து இறங்கியபடி.

பத்து நிமிடத்துக்கு மகள் தேர்ந்தெடுத்த இடம், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த அவர்களுடைய கார். அந்தக் கார்தான் சம்பவம் நடந்த இடம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவள் பின் இருக்கையில் காதில் இயர்போனோடு இருப்பாள். அவர் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே உள்ள சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் அவள் முன் இருக்கைக்கு வந்தாள். மேலும் சில நாள் கழித்து, போட்டி நடந்து சரியாக நாற்பத்தேழாம் நாள், வாயைத் திறந்தாள்.

"மழை வருது."

அது மேல் வீட்டுக்காரர் வாகனம் கழுவுகிற சத்தம் என்பது மைனஸ் சாருக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "மழை வருதுன்னு சொல்ற," என்றார்.

"ஆமா."

அந்த வாரம் பெற்றோர் மட்டும் போகிற முறை. மெடல் வாங்கின மாதிரிப் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஆலோசகர் "ம்ம்" என்றார். பிறகு, "சார், சின்ன வயசுல உங்களுக்கு யாரு மார்க் போட்டாங்க?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வேறு ஏதோ வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் விடுதியில் சேர்த்தார்கள். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வாரம் ஒரு கடிதம் எழுதுவான் பையன். அம்மாவிடமிருந்து பதில் வராது. அவன் எழுதிய அதே கடிதம், சிவப்பு மையில் திருத்தப்பட்டு, அடுத்த வாரத் தபாலில் திரும்பி வரும். "வீட்டுக்கு வரணும் போல இருக்குன்னு ஒரு தடவை எழுதியிருந்தேன். முற்றுப்புள்ளி வைக்கலைன்னு சுழிச்சு அனுப்பியிருந்தாங்க," என்றார். சிரிப்பதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். மேசை மேல் இருந்த டிஷ்யூப் பெட்டியை ஆலோசகர் ஒற்றை விரலால் அவர் பக்கம் இரண்டு அங்குலம் தள்ளியபோதுதான், தன் முகம் நனைந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

இதோடு போயிருந்தால் கூட மறந்திருப்பார். அன்று மாலை மனைவி சமையலறையில் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இவரு அழுதாருடி. ஆமாங்கறேன். சத்தியமா. ஒரு டிஷ்யூ பத்தலை."

அந்த இரண்டு அங்குலத்தை மைனஸ் சாரால் மன்னிக்க முடியவில்லை. பதினெட்டு வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் மற்றவர்கள் நடுங்கியிருக்கிறார்கள். இப்போது ஒருத்தி, சத்தம் போடாத செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று நிமிடத்தில் அவரைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அவர் ஆலோசகரின் குற்றப்பட்டியலைத் தயாரிக்க ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் தாமதம். மாடிப்படி விளக்கு எரியவில்லை. பெயர்ப்பலகை நடைபாதைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, நகராட்சிக்கு எழுதிப் போட்டால் பிடுங்கிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று ம்ம். இத்தனையும் சேர்ந்து அந்த ஒரு பெட்டிக்கு ஈடாகவில்லை. படுத்தால் பெட்டி, எழுந்தால் பெட்டி.

செவ்வாய்க்கிழமை காலை பரீட்சைக்கு வருகிறவர்களின் பட்டியலை அவர் மேசையில் வைத்தார்கள். பதினொன்று இருபதுக்கு, முதல் தடத்தில், மூன்றாவது முயற்சி என்ற குறிப்போடு ஒரு புகைப்படம். சத்தம் போடாத செருப்பு படத்தில் தெரியவில்லை. முகம் தெரிந்தது.

மைனஸ் சார் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அதே முகம்தான்.

அந்தத் தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு: விண்ணப்பதாரர் தேர்வாளருக்கு உறவினரோ பழக்கமானவரோ? ஆம் என்று குறித்தால் தாள் பாவம் சாரின் தடத்துக்குப் போய்விடும். தன் பல் டாக்டருக்கு ஆம் போட்டவர் அவர். மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் போட்டார். தினமும் பேப்பர் வாங்குகிற கடைக்காரருக்குக் கூட ஆம் போட்டு அலுவலகமே சிரித்தது. பதினெட்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவர் பொய் எழுதியதில்லை. பேனாவை எடுத்தார். தெரியாதவங்க மாதிரிப் போயிடுவேன் என்று மேடம்தானே சொன்னார், விதி அவருடையது என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினார். வழக்கு ஜெயித்தது. இல்லை என்று குறித்தார்.

பரீட்சைக் காரின் கதவைத் திறந்த ஆலோசகர் ஒரு விநாடி அப்படியே நின்றார். பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறாரா என்று பார்த்தார். மைனஸ் சாரின் முகம் தார் போட்ட சாலை மாதிரி இருந்தது. ஆலோசகரும் சொன்ன சொல் தவறாதவர். தெரியாதவர் மாதிரியே "வணக்கம் சார்" என்று சொல்லி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கிளிக் என்பதற்கு மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

அந்த இருபது நிமிடத்தை மைனஸ் சார் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார், முதலில் இனிப்பாகவும் அப்புறம் வேறு மாதிரியும். மேடத்தின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன. முதல் கியருக்குப் பதில் மூன்றாவதைப் போட்டு வண்டி தும்மியது. வளைவில் இண்டிகேட்டர் போட மறந்தார், போட்டதை அணைக்க மறந்தார். ஆனால் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கி, மாணவி மாதிரி, பார்த்தார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது கிளட்ச்சை விட்டார், வண்டி பின்னால் உருண்டது, கூம்பு டப்பென்று சாய்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது. நேர்மையாகவே ஃபெயில்.

நேர்மையாகக் கிடைத்தது அவருக்குப் போதவில்லை. நியாயப்படி கூம்பு தவிர ஐந்து மைனஸ். அவர் பத்தொன்பது போட்டார். கண்ணாடி பார்க்கவில்லை என்று மட்டும் ஆறு.

வழக்கமாக முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லி இறங்கிவிடுகிறவர், அன்று தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பத்தொன்பதையும் வாசித்தார். ஏழு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு விட்டார், கேட்கிறவருக்கு நன்றாக இறங்கட்டும் என்று. பதினைந்தாவதில் ஆலோசகரின் கண் கலங்கியது. முன்கண்ணாடி துடைக்க என்று டேஷ்போர்டில் ஒரு டிஷ்யூப் பெட்டி கிடந்தது. மைனஸ் சார் ஒற்றை விரலால் அதை அவர் பக்கம் இரண்டு அங்குலம் தள்ளினார். அளந்து தள்ளினார்.

ஆலோசகர் பெட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒன்றை உருவிக்கொண்டு, "நன்றி," என்று சொல்லி இறங்கிப் போனார்.

அன்று மதியம் மைனஸ் சார் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தார். பாவம் சாரின் நகைச்சுவைக்குச் சிரித்தார், அலுவலகம் திரும்பிப் பார்த்தது. பழி தீர்ந்தவர்களுக்குத் தாராளம் தன்னால் வந்துவிடும். மாலையில் மனைவி ஃப்ரிட்ஜை இடுப்பால் சாத்தியபோது கூட, பாவம், கை நிறையப் பாத்திரம் என்று விட்டுவிட்டார். காரில் மகள், என்றைக்கும் இல்லாமல், இயர்போனை மாட்டாமல் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை மேடம்கிட்ட ஸ்கூலைப் பத்திப் பேசப் போறேன்பா. முதல்ல கேட் வரைக்கும் மட்டும் போய்ப் பாக்கலாம்னு."

"கேட் வரைக்கும்னு சொல்ற."

"மேடம் இருந்தா முடியும்னு தோணுது."

திருப்பிச் சொல்ல வேண்டிய இடம். மைனஸ் சார் நின்றிருந்த வண்டியின் ஹேண்ட்பிரேக்கை இன்னொரு தடவை இழுத்தார்.

புதன்கிழமை போன் வந்தது. சாயங்காலம் அவர் மட்டும் வர முடியுமா என்று கேட்டார் ஆலோசகர். சண்டைக்குத் தயாராகத்தான் போனார். மேசையில் டிஷ்யூப் பெட்டி இல்லை. அலமாரி மேலே ஏற்றி வைத்திருந்தது.

"நீங்க ஃபெயில் ஆக வேண்டியவங்கதான் மேடம்," என்று உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"ஆமா. கூம்பைத் தட்டினேன். ஒத்துக்கறேன்."

"அப்புறமென்ன?"

"கண்ணாடி பார்த்தேன் சார். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ரெண்டு மாசமா அதை மட்டும்தான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். அதுல போய் ஆறு போட்டிருக்கீங்க." ம்ம் என்பதற்கு அப்பால் அவருக்கு ஒரு குரல் இருப்பது மைனஸ் சாருக்கு அன்றுதான் தெரிந்தது. "பெட்டியைத் தள்ளினீங்களே, அது கூடப் போகட்டும். கண்ணாடி போகலை. எனக்கு உங்க மேல கோபம் இருக்கு."

"புகார் குடுங்க."

"குடுக்கலை," என்றார் ஆலோசகர். பிறகு, "இன்னும்," என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த பழியுணர்ச்சியின் தரத்தை மைனஸ் சார், தொழில் தெரிந்தவர் என்ற முறையில், மனதுக்குள் மெச்சினார்.

"ஆனா அது என் கதை. இங்க உங்க பொண்ணு கதை வேற," என்று குரலை இறக்கிக்கொண்டார். "இந்தக் கோபத்தை மறைச்சு வச்சுக்கிட்டு அவங்க எதிர்ல என்னால உக்கார முடியாது. எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட கேட்டேன். ரெண்டு வழிதான். நடந்தது அவங்களுக்குத் தெரியணும், உங்க வாயால. தெரிஞ்ச பிறகும் என்கிட்டயே வர்றதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். இல்லைன்னா வேற ஒருத்தர்கிட்ட அவங்களை ஒப்படைச்சிடுவேன்."

"என்ன காரணம் சொல்லி ஒப்படைப்பீங்க?"

"காரணம் என் பக்கம்தான்னு சொல்வேன். நம்ப மாட்டாங்க. தன்கிட்ட என்ன தப்புன்னு தேட ஆரம்பிப்பாங்க. எத்தனைன்னு எண்ணுவாங்க. அவங்க எண்ணறதுல கெட்டிக்காரங்கன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு நாலு மணிக்கு வர்றாங்க."

வெளியே மழை மிஷின் சோ என்று ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் சார் மாடிப்படியில் இறங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

கீழ்த்தளத்துக் காரில், "இன்னைக்கு பத்து நிமிஷத்தை நான் எடுத்துக்கட்டுமாம்மா?" என்றார்.

மகள் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றதையும் கழற்றினாள். அவர் சொன்னார். கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துத்தான் சொல்லிப் பார்த்தார். விதிமுறை, மேடு, கூம்பு என்று. நாலு நிமிடத்தில் சாய்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

"நீங்க சொல்றது," என்றாள் மகள், ஆலோசகரிடம் கற்ற அதே தொனியில், "மேடம் உங்களை அழ வச்சாங்க. அதனால அவங்களைக் கூட்டிட்டு வந்து அழ வச்சீங்க. இதுதானா?"

"கூட்டிட்டு வரலை. அவங்களா வந்தாங்க."

"அப்பா."

"இதுதான்."

"தெரியாதவங்கன்னு பொய் டிக் வேற போட்டீங்க."

"ஆமா."

அவள் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சிற்றறையைத் திறந்தாள். அவர் எப்போதும் அங்கே பரீட்சைத் தாள் கட்டு ஒன்றும் பேனாவும் வைத்திருப்பார். ஒரு தாளைக் கிழித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

"போட்டி அன்னைக்கு ஏழு சொன்னீங்க. மூச்சு. கை. வேகம். வலது பக்கம் மட்டும் பாத்தேன். நடுவுல முழுங்கினேன். மைக்கை இறுக்கிப் பிடிச்சேன். இறங்கும்போது தலை குனிஞ்சேன்." விரல் விட்டுச் சொன்னாள், ஒன்று மாறவில்லை. "இப்ப நான் சொல்றேன். கீழ இறங்கி வந்தப்போ தண்ணி வேணுமான்னு நீங்க கேக்கலை. அது ஒண்ணு."

பேனா ஒரு கோடு போட்டது. அவர் வாயைத் திறந்தார். "பத்து நிமிஷம் முடியலை," என்றாள். மூடிக்கொண்டார்.

"என் ஃப்ரெண்டு எதிர்ல கார் கதவைத் திறந்துகிட்டு, நேரமாச்சு ஏறுன்னீங்க. ரெண்டு. நான் பின் சீட்ல அழுதேன். நீங்க கண்ணாடில பாத்தீங்க. பாத்துட்டு, ரேடியோ போட்டீங்க. அது மூணு." மூன்றாவது கோட்டைப் போட்டாள். "நீங்க கண்ணாடியை நல்லாத்தான் பாக்கறீங்கப்பா."

சொன்னது என்னவென்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"ம்ம்," என்றார்.

மகளின் வாயோரம் ஒரு துடி துடித்து அடங்கியது. மீதி நான்கையும் அவள் விடவில்லை. இயர்போனுக்குள் இத்தனை நாள் பாட்டு ஓடவில்லை, ஒத்திகைதான் ஓடியிருக்கிறது என்று தெரியும் அளவுக்குச் சுத்தமாக வாசித்தாள். ஏழாவதில் தாளை அவர் மடியில் வைத்தாள். முடிவு போடும் கட்டம் காலியாக இருந்தது.

"ஏழுதான். பன்னண்டு வந்தாத்தான ஃபெயில்?" என்றாள். "பொய் டிக்குக்கு எவ்வளவு?"

பதினெட்டு வருடத்து நேர்மை அந்த நேரம் பார்த்துத்தானா திரும்பி வர வேண்டும். "அதுக்கு ஒண்ணே போதும்," என்றார் மைனஸ் சார். "கூம்பு மாதிரி."

"அப்ப ஃபெயில்."

"ம்ம்."

"மறுபடி டெஸ்ட்டுக்கு எத்தனை நாள்?"

"முப்பது."

"முப்பது நாள் யாருக்கும் ஒரு மைனஸ் கூடாது. எனக்கு, அம்மாவுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, யாருக்கும். நடுவுல ஒண்ணு வந்தா மறுபடி முதல் நாள். நாளைக்குக் காலைல உங்க ஆபீஸ்ல டிக் விஷயத்தை நீங்களே சொல்லணும். அப்புறம் நாலு மணிக்கு என்னை மேடம்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நான் அவங்ககிட்டயேதான் போவேன்."

தண்டனை விதித்துவிட்டு அவள் லிஃப்ட்டுக்கு நடந்த நடையில் இரண்டு மாதத்துச் சோர்வு இல்லை. பழி ஆளுக்கு ஆள் எப்படி வேலை செய்கிறது என்று வியந்துகொண்டே அவர் பின்னால் போனார். செய்தி தெரிந்ததும் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்தார், கணவர் கண் முன்னாலேயே இடுப்பால் சாத்தினார். மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினார்.

வியாழன் காலை மைனஸ் சார் நீட்டிய கடிதத்தை மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். "உங்க மேல நீங்களே புகாரா?" என்று கேட்டார். அந்தப் பரீட்சை செல்லாது என்று ரத்தானது, முப்பது நாள் காத்திருக்காமலே மேடம் மறுபடி வரலாம். மைனஸ் சாருக்கு மூன்று மாதம் டோக்கன் ஜன்னல். வருகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் வேலை. எண் தானாக அச்சாகி வரும். அதில் மைனஸ் போட ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு மகள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது, மிஷின் மழையை ஆரம்பித்தது. மைனஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் அரைமணி நேரம் மழை மட்டும். அப்புறம் உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். மிஷின் எவ்வளவோ முயன்றும் மறைக்க முடியாத அளவுக்குச் சிரித்தார்கள். எதைப் பற்றி என்று அவருக்கு ரிப்போர்ட் கிடைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளி கேட் வரை போனார்கள். அப்புறம் கேட்டுக்கு உள்ளே முதல் மணி வரை. அப்புறம் மதியம் வரை. பத்து நிமிடத்தைக் காலையில், பள்ளிக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திச் செலவழித்தார்கள். சில நாள் அவளுக்கு இறங்க மனம் வராது. அன்று பத்து, இருபதாகும். அவர் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணால் பள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தண்டனையின் இருபத்திரண்டாம் நாள், டோக்கன் ஜன்னலுக்கு ஒரு செய்தி வந்தது. ம்ம்-மேடம் பாவம் சாரின் தடத்தில் மறுபடி பரீட்சைக்கு வந்தாராம். அதே மேடு, அதே கூம்பு. பாவம் சார் வாயிலிருந்தே பாவம் வரவில்லையாம். மைனஸ் சாரின் கை அன்று முழுவதும் சீட்டை, ஏதோ விசேஷ வீட்டில் நின்று கொடுக்கிற மாதிரிக் கிழித்துக் கொடுத்தது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் அடக்க முடியவில்லை.

"உங்க மேடம் மறுபடி கூம்பு," என்றார்.

மகள் மெல்லத் திரும்பினாள். "இது மைனஸா, செய்தியா?"

"செய்திதாம்மா."

"முகம் சிரிக்குதே."

"முகத்துக்கு விதி கிடையாது."

"கண்ணாடியைப் பாருங்க," என்று நடுக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் தெரிந்த ஆளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. "முதல் நாள்லேர்ந்து ஆரம்பிங்கப்பா," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு நாளை ஒரே வாயில் தின்றவளின் திருப்தி முகமெல்லாம் இருந்தது.

இறங்கிக் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தவில்லை, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைனஸ் சார் வாயைத் திறந்தார். மூடினார். எட்டிக் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். கேட்டுக்குப் போய்விட்ட மகள் அதைத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள், ஒண்ணாம் நாள் என்று. பிறகு உள்ளே போனாள்.